மூச்சு முட்டுகிற இடம்

ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறவனுக்கு மூக்குதான் முதல் கருவி. ராமேசுவரத்துக்கு முன்னால் இருக்கிற மண்டபம் ஊரில், எங்கள் கம்பெனியில் அம்மோனியாவை வைத்துத்தான் குளிர் உண்டாக்குகிறோம். உப்புத்தண்ணித் தொட்டிக்குள் டின் டின்னாக நல்ல தண்ணீரை இறக்கிவிட்டு, அது கட்டியாகிற வரைக்கும் கம்ப்ரசரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எங்காவது ஒரு வால்வு லேசாகக் கசிந்தால் மீட்டர் முள் அசைவதற்கு முன்னாலேயே மூக்கு சொல்லிவிடும். அதனால் மெஷின் ரூமுக்குள் நுழையும்போது முதல் மூச்சைப் பாதிதான் இழுப்பேன். அதில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மீதி. அன்றைக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, ஏதாவது ஆனால் எந்த வாசல் வழியாக வெளியேறிக் காற்று வருகிற பக்கம் போய் நிற்பது என்பதும் அப்போதே மனதில் ஓடிவிடும். இங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. யாரும் இதற்குத் தியானம் என்று பெயர் வைக்கவில்லை.

மூச்சுப் பயிற்சி என்று ஒன்றை முறையாகக் கற்றுக்கொண்டது ஒரு தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. படகு போகாவிட்டால் ஐஸ் யாருக்கு வேண்டும்? நாட்டுப்படகுக்காரர்கள் கொஞ்சம் வாங்குவார்கள், கல்யாண வீட்டுக்காரர்கள் கொஞ்சம் வாங்குவார்கள், அவ்வளவுதான். மெஷினைப் பிரித்துத் துடைத்து மாட்டிவிட்டால் அப்புறம் பொழுது கிடக்கும். உச்சிப்புளிப் பக்கம் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் காலையில் யோகா சொல்லித் தருகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். சார் காசு வாங்க மாட்டார். வரும் வழியில் நுங்கு வாங்கிப்போனால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

சார் நல்ல ஆசிரியர். நிமிர்ந்து உட்காரச் சொன்னார், மூக்கு வழியாகவே இழுக்கவும் விடவும் சொன்னார், தோள் ஏறாமல் வயிறு அசைகிறதா என்று கை வைத்துப் பார்க்கச் சொன்னார். இழுப்பது பூரகம், நிறுத்துவது கும்பகம், விடுவது ரேசகம். இதையெல்லாம் ஊரில் பாதிப் பேர் கேட்டிருப்பார்கள். ‘நாலு எண்ணி இழு, பதினாறு எண்ணி நிறுத்து, எட்டு எண்ணி விடு’ என்கிற கணக்கையும் கேட்டிருப்பார்கள். திருமூலர் திருமந்திரத்தில் சொல்லும் கணக்கு இன்னும் பெரியது: இழுப்பதற்கு 16, நிறுத்துவதற்கு 64, விடுவதற்கு 32. இரண்டுக்கும் விகிதம் ஒன்றுதான், ஒன்றுக்கு நாலுக்கு இரண்டு.

விவேகானந்தரும் இதே 4, 16, 8 கணக்கைச் சொல்லியிருக்கிறார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விவேகானந்தர் என்றால் பாம்பன் குந்துக்கால்தான். மேல்நாட்டிலிருந்து திரும்பியவர் கொழும்பு, யாழ்ப்பாணம் வழியாக 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில் வந்து இறங்கினார். ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி வரவேற்றார். அவர் நினைவாகக் குந்துக்காலில் மண்டபம் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுப்போம். ஆனால் அவர் வந்து இறங்குவதற்கு முந்தைய ஆண்டுதான் ராஜயோகம் பற்றி நியூயார்க்கில் பேசியது நூலாக வந்திருந்தது என்பது அங்கே படம் எடுக்கிற பலருக்குத் தெரியாது. அந்த நூலில் 4-16-8க்கு வருவதற்கு முன்னால் அவர் சொல்லும் முதல் பாடம் ரொம்பச் சின்னது. அளவாக இழு, அளவாக விடு. நிறுத்தல் எதுவும் கிடையாது. ஒரு குருவின் நேரடித் துணை இல்லாமல் யோகத்தைப் பத்திரமாகக் கற்க முடிகிறவர்கள் அபூர்வம் என்கிற எச்சரிக்கையும் முன்னாலேயே இருக்கிறது. நம் ஆட்கள் அந்த முதல் பாடத்தைத் தாண்டிக் குதித்து நேராகப் பதினாறுக்குப் போய்விடுகிறார்கள். ‘எவ்வளவு நேரம் நிறுத்துவீங்க?’ என்பதுதான் முதல் கேள்வி. மூச்சிலும் நமக்குப் போட்டி வேண்டும்.

சாரின் திண்ணையில் எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. எண்ண ஆரம்பித்ததும் என் கவனம் எண்ணிக்கைக்குப் போய்விடுகிறது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று போகும்போது உள்ளே உடம்பு என்ன செய்கிறது என்றே தெரியவில்லை. பதினாறு எப்போது வரும் என்பது மட்டும்தான் தெரிகிறது. மூச்சை ஒழுங்குபடுத்துவது ஒரு வேலை, மூச்சைக் கவனிப்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பிராணாயாமம் செய்கிறேன் என்கிறவர்களில் நிறையப் பேர் நன்றாக எண்ணக் கற்றிருக்கிறார்கள், அவ்வளவே.

இது எனக்குப் பிடிபட்டது என் அயித்தையிடம் பேசியபோது.

அயித்தை பாம்பன் சின்னப்பாலத்துக்காரர். சின்ன வயதிலிருந்து கடல்பாசி எடுக்கப் போகிறவர். வள்ளத்தில் தீவுப் பக்கம் போய், பாறை ஓரமாக முங்கி, மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை இதையெல்லாம் பிய்த்து இடுப்பில் கட்டிய பையில் போட்டுக்கொண்டு மேலே வர வேண்டும். அகர் செய்யவும் மருந்துக் கம்பெனிக்கும் இங்கிருந்துதான் பாசி போகிறது. சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணிச் சுற்று, காலுக்கு ரப்பர். ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் கிடையாது. அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும்தான் போவார்கள். மற்ற நாட்களில் வீட்டில் இருந்து பாசி காயப்போடுவார்கள். முத்துக்குளித்தல் பற்றியும் கீழக்கரை சங்குக்குளிகாரர்கள் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறார்கள். நாள் முழுக்கத் தண்ணீருக்குள் போய்ப் போய் வருகிற இந்தப் பெண்களின் மூச்சைப் பற்றி யாரும் அவர்களிடம் உட்கார்ந்து கேட்ட மாதிரி தெரியவில்லை. நானும் அதுவரை கேட்டதில்லை.

ஒரு சாயங்காலம் அவர் பாசி உதறிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

“அயித்தை, தண்ணிக்குள்ள எவ்வளவு நேரம் இருப்பீங்க?”

“அதை யாரப்பு எண்ணிக்கிட்டு இருக்கா? கை பாசியில இருக்கும், கண்ணு பாறையில இருக்கும்.”

“அப்புறம் எப்ப மேல வரணும்னு எப்படித் தெரியும்?”

“முட்டும்ல. முத முட்டுக்கே வந்துரணும். இன்னும் ரெண்டு கொத்து இருக்கே, அதையும் எடுத்துருவோம்னு கிடந்தா ரெண்டாவது முட்டு வந்துரும். அப்புறம் மேல வந்து கயித்தைப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு இளைக்கத்தான் சரியா இருக்கும். அடுத்த முங்கு கெட்டுப்போகும்.”

“முத முட்டு எங்க முட்டும்?”

இதைக் கேட்டதும் சிரித்துவிட்டார். “என்னப்பு, ஆசுபத்திரியில கேக்குற மாதிரி கேக்குற?” அப்புறம் பாசியைக் கீழே போட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். நெஞ்சுக்குழிக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார். “இந்தா, இங்கதான் ஒரு எத்து எத்தும். ஆனா அதுக்கு முந்தியே எச்சி முழுங்கத் தோணும். அப்பவே தெரிஞ்சுக்கிறணும். புதுசா வர்ற புள்ளைகளுக்கு அதெல்லாம் தெரியாது. அதுகளுக்கு முட்டுறதுக்கு முன்னாடியே பயம் முட்டிரும்.”

எச்சில் விழுங்கத் தோன்றுவது. அப்புறம் வயிற்றுக்கு மேலே ஓர் எத்து. இவை இரண்டுக்கும் முன்னால் பயம். மூன்றும் தனித்தனி என்று அயித்தைக்குத் தெரிந்திருக்கிறது. பதினாறு வரை எண்ணிக்கொண்டிருந்த எனக்கு மூன்றும் ஒரே மொத்தையாக, ‘முடியல’ என்றுதான் கேட்டிருக்கிறது.

உடம்புக்குள் நடப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மூச்சு முட்டுவது ஆக்சிஜன் தீர்ந்ததால் அல்ல. ரத்தத்தில் கரியமில வாயு ஏறுவதால். அது ஏறுவதை மூளையின் அடிப்பகுதியில் உள்ள முகுளம் கண்டுகொண்டு, உதரவிதானத்தை இழுக்கச் சொல்லிக் கட்டளை போடுகிறது. நெஞ்சுக்குழிக்குக் கீழே அயித்தை காட்டிய எத்து அதுதான். ஆக்சிஜன் குறைவதைச் சொல்கிற மணி உடம்பில் ரொம்ப மெதுவாகத்தான் அடிக்கிறது. முட்டுகிற நேரத்தில் பொதுவாக ரத்தத்தில் ஆக்சிஜன் இன்னும் கையிருப்பு இருக்கும். அந்தக் கையிருப்பை நம்பித்தான் முதல் முட்டுக்கே மேலே வருகிறார்கள்.

இதனால்தான் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் உரக்கவே சொல்ல வேண்டியிருக்கிறது. கடலில் இறங்குவதற்கு முன்னால் வேக வேகமாக மூச்சு இழுத்து விடுகிற பயிற்சி எதையும் செய்யாதீர்கள். கபாலபாதி, பஸ்திரிகா எதுவானாலும் சரி. அரியமான் கடற்கரையில் பையன்கள் சிலர் இப்படி இழுத்து இழுத்து விட்டு, அப்புறம் யார் அதிக நேரம் உள்ளே கிடக்கிறான் என்று பந்தயம் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். வேகமாக விட்டால் கரியமில வாயு வெளியே போய்விடும். ஆக்சிஜன் அதனால் பெரிதாகக் கூடிவிடாது. ஆக, எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறான். முட்டவே முட்டாது, சுகமாக இருக்கும், அப்படியே நினைவு தப்பிவிடும். ஆழத்திலிருந்து மேலே வரும்போது அழுத்தம் குறைவதால் நினைவு தப்புவது பெரும்பாலும் மேற்பரப்புக்குப் பக்கத்தில்தான் நடக்கும். நீச்சல் தெரிந்தவனையும் இது விடாது, இடுப்பளவு தண்ணீரிலும் விடாது. கும்பகமும் அப்படித்தான். தரையில் உட்கார்ந்து செய்வதைத் தண்ணீருக்குள் பரீட்சை பார்க்கக் கூடாது. அயித்தையிடம் இதைச் சொன்னபோது, “முங்குறதுக்கு முந்தி ரெண்டு மூச்சு நிதானமா விட்டு, மூணாவதை இழுத்துட்டுப் போறதுதான். தஸ்ஸு புஸ்ஸுன்னு விட்டா ஆத்தா அடிக்கும்” என்றார். ஆத்தா என்றது அவருடைய அம்மாவை. அந்தக் காலத்திலேயே அடித்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

சரி, தரைக்கு வருகிறேன். நான் இப்போது செய்வது இவ்வளவுதான். பாயிலோ நாற்காலியிலோ உட்காருவேன். நாலு எண்ணுகிற அளவுக்கு இழுத்து, ஆறு எண்ணுகிற அளவுக்கு விடுவேன். முதல் சில மூச்சுக்குத்தான் எண்ணிக்கை. தாளம் பிடிபட்டதும் எண்ணுவதை விட்டுவிடுவேன். மூச்சு முழுக்க வெளியே போன பிறகு ஓர் இடைவெளி வரும். அங்கே நான் மூச்சைப் பிடித்து நிறுத்துவதில்லை, அடுத்த மூச்சை அவசரப்பட்டுக் கூப்பிடுவதும் இல்லை. அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்கிறேன்.

அங்கே நிறைய நடக்கிறது. முதலில் ஒன்றும் இல்லாத ஒரு சின்ன ஓய்வு. அப்புறம் ‘இழுத்துவிடலாமே’ என்று ஒரு நினைப்பு. இது நினைப்புதான், உடம்பு இன்னும் கேட்கவில்லை. அதை விட்டுவிட்டால் போய்விடும். அதற்குப் பிறகு தொண்டையில் ஓர் அசைவு, அயித்தை சொன்ன எச்சில் சமாச்சாரம், ரொம்ப மெல்லிசாக. அதற்கும் பிறகு வயிற்றுக்கு மேலே ஓர் இழுப்பு. அந்த இழுப்போடு மூச்சு தானாக உள்ளே வருகிறது. நான் இழுத்தேன் என்று சொல்ல முடியாத ஒரு மூச்சு. இந்த வரிசை எல்லா மூச்சிலும் இதே ஒழுங்கில் வரும் என்றில்லை. சில நாள் நினைப்பு மட்டும் பத்து வந்து போகும். சில நாள் ஓய்வே இருக்காது, விட்ட மூச்சு முடியும் முன்னால் அடுத்தது முண்டும். படகுகள் கடலுக்குப் போக டோக்கன் போடுகிற நாளுக்கு முந்தின ராத்திரி, லோடு நிற்காமல் போகும்போது, எனக்கு அப்படித்தான் இருக்கும். அன்றைக்கு அதைச் சரிசெய்யப் பார்ப்பதில்லை. முண்டுகிறது என்று தெரிந்தால் போதும்.

நடுவில் மனம் ஐஸ் கணக்குக்குப் போகும், மகள் பரீட்சைக்குப் போகும். நங்கூரம் போட்ட வள்ளம் காற்றுக்கு ஏற்றபடி சுற்றிச் சுற்றி வந்தாலும் கயிற்றின் நீளத்தைத் தாண்டாது இல்லையா, அந்த அளவுக்கு அது சுற்றிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன். மனதை அடக்கு என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் கொஞ்சம் எரிச்சல் வருகிறது.

ஏன் ஆறு எண்ணி விடுவது? மூச்சு உள்ளே போகும்போது இதயம் கொஞ்சம் வேகமாகவும், வெளியே போகும்போது கொஞ்சம் மெதுவாகவும் துடிக்கிறது. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டால் உங்களுக்கே தெரியும். நாலும் ஆறும் பத்து வினாடி, அதாவது நிமிடத்துக்கு 6 மூச்சு. சும்மா இருக்கும்போது பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை போகும். இந்த ஆறு என்பதில் ஒரு சுவாரசியம் உண்டு. இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி என்கிற மருத்துவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 23 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து, 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். லத்தீனில் ஜெபமாலை சொன்னாலும், ‘ஓம் மணி பத்மே ஓம்’ என்று மந்திரம் சொன்னாலும் மூச்சு கிட்டத்தட்ட நிமிடத்துக்கு ஆறாக வந்து நிற்கிறது, இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் அதோடு சேர்ந்து தாளம் போடுகின்றன என்று கண்டார்கள்.

என்னோடு கம்ப்ரசர் பார்க்கிற நண்பன் தங்கச்சிமடத்துக்காரன். அவன் வீட்டில் ராத்திரி ஜெபமாலை உண்டு. ‘அருள் நிறைந்த மரியே’ என்று ஒருவர் பாதி சொல்ல, மற்றவர்கள் மீதியைச் சொல்வார்கள். இந்த ஆய்வைப் பற்றி அவனிடம் சொன்னதும் உற்சாகமாகி, அவன் அம்மா சொல்லும்போது போனில் நேரம் பார்த்தான். அம்மா சொல்கிற வேகத்துக்கு மூச்சு எங்கே விடுகிறார் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை என்றான். “எங்கம்மா அஞ்சு தேவரகசியத்தையும் உலை கொதிக்கிறதுக்குள்ள முடிச்சிரும் மாப்ள.” ஆக, மந்திரம் எதுவானாலும் சொல்கிற நிதானத்தில்தான் விஷயம் இருக்கிறது போல.

மூக்கடைப்பு பற்றியும் கேட்கிறார்கள். நாடி சுத்தி, அதாவது ஒரு மூக்கில் இழுத்து மறு மூக்கில் விடுவது, செய்யும்போது ஒரு பக்கம் அடைத்திருக்கிறது, வரவே மாட்டேன் என்கிறது என்று. சளி இல்லாதவர்களுக்கும் மூக்கின் உட்பக்கச் சவ்வு ஒரு பக்கம் வீங்கி, மறுபக்கம் வடிந்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். 1895இல் ரிச்சர்ட் கைசர் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை எழுதிவைத்தார். நம் சித்தர் மரபில் சரம் பார்ப்பது என்று, இடகலை (இடது மூக்கு) ஓடுகிறதா பிங்கலை (வலது மூக்கு) ஓடுகிறதா என்று அதற்கு எவ்வளவோ முன்னாலிருந்து பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்தச் சரத்தை வைத்துக் காரியம் கைகூடுமா என்று பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கிற பழக்கம் நல்லது. அடைத்த பக்கத்தில் முட்டி மோத வேண்டாம். திறந்த பக்கம் போகட்டும்.

எங்கள் ஊரில் இந்தப் பயிற்சிக்கு இடம் தேடுவதே தனி வேலை. மண்டபத்தில் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் தென்கடல் பக்கம் உட்கார முடியாது. மணல் மூக்குக்குள் போகும், இரைச்சலில் நம் மூச்சு நமக்கே கேட்காது. அப்போது வடகடல் குளம் மாதிரி கிடக்கும், அங்கே போகலாம். வாடை தொடங்கிவிட்டால் கதை அப்படியே மாறும். இரண்டு பக்கமும் எப்படியும் கருவாட்டு வாசம் உண்டு. யோகா வீடியோக்களில் ‘தூய்மையான காற்றை உள்ளே இழுங்கள்’ என்று ஒரு பெண் மெல்லிய குரலில் சொல்லும்போது நெத்திலிக் கருவாடு உள்ளே போகும். போகட்டும், அதுவும் கவனிக்கத்தான். வாசம் மூக்கில் எந்த இடத்தில் படுகிறது, எத்தனையாவது மூச்சில் அது தெரியாமல் போகிறது என்று பார்த்திருக்கிறேன். தெரியாமல் போவது சீக்கிரம் நடந்துவிடுகிறது. ஐஸ் கம்பெனிக்காரனுக்கு அது கொஞ்சம் கவலை தரும் செய்தி.

இழுக்கும் காற்று குளிர்ச்சி, விடும் காற்று வெதுவெதுப்பு, அதை மூக்கு நுனியில் கவனியுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மே மாதம் ராமேசுவரம் தீவில் உட்கார்ந்து அதைக் கவனித்துப் பாருங்கள். வெளிக்காற்றே கிட்டத்தட்ட உடம்புச் சூட்டில் இருக்கும்போது எதில் வித்தியாசம் தெரியும்? ஒன்றும் தெரியவில்லையே, தனக்குக் கவனம் போதவில்லையோ என்று புதிதாக வருகிறவர்கள் குழம்புவார்கள். அந்த மாதங்களில் மூக்கை விட்டுவிட்டு வயிற்றைப் பாருங்கள். வாடைக் காலத்து விடியற்காலையில் மூக்கு நுனிக்குத் திரும்பலாம். எனக்குக் கூடுதல் வசதி, ஐஸ்கட்டி அடுக்குகிற அறைக்குள் போய் நின்றால் வருடம் முழுக்கக் குளிர்ந்த மூச்சு தெரியும். மேனேஜர் பார்த்தால் என்ன நினைப்பார் என்பது வேறு விஷயம்.

வாட்ஸாப்பில் வருகிறவற்றைப் பற்றி ஒரு வார்த்தை. மூச்சுப் பயிற்சி சர்க்கரையைப் போக்கும், புற்றுநோயைப் போக்கும், ஆஸ்துமாக்காரர்கள் பம்பைத் தூக்கிப்போடலாம் என்றெல்லாம் வருகிறது. பம்பைத் தூக்கிப்போடாதீர்கள். ரத்தக்கொதிப்பு, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை நிறுத்துகிற பயிற்சிக்குப் போக வேண்டாம். வேகமாக மூச்சு விட்டு உதடும் விரலும் மதமதவென்று ஆனால் ‘சக்தி ஏறுகிறது’ என்று சிலர் சொல்லித்தருகிறார்கள். கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைந்தால் அப்படித்தான் மதமதக்கும், தலையும் சுற்றும். நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விட்டால் சரியாகிவிடும். மனம் ரொம்பக் கலங்கியிருக்கிறவர்களுக்கு மூச்சையே உற்றுப் பார்ப்பது சில சமயம் பதற்றத்தைக் கூட்டிவிடும். அவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு, காலடித் தரையைக் கவனித்தாலும் போதும், மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

சாரிடம் இன்னும் போகிறேன், நுங்கு காலத்தில் மட்டும் இல்லை. அயித்தை சொன்ன ‘முத முட்டு’ பற்றி அவரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அந்தம்மாவை ஒரு நாள் கூட்டிட்டு வாங்க, நம்ம ஆட்களுக்கு நாலு வார்த்தை சொல்லட்டும்” என்றார். அயித்தையிடம் கேட்டேன். பாசிக்குப் போகாத நாளாகப் பார்த்துச் சொல்லு, பஸ் காசு நீதான் தரணும், அங்கே வந்து கண்ணை மூடி உட்காரச் சொன்னால் தூங்கிவிடுவேன் என்று மூன்று நிபந்தனை போட்டிருக்கிறார். அடுத்த பௌர்ணமி கழிந்ததும் கூட்டிப்போக வேண்டும். கும்பகம் கற்க வேண்டும் என்று எனக்கு எழுதிக் கேட்டவர்கள் சாரைப் போன்ற ஓர் ஆளிடம் நேரில் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். நான் அந்தப் பக்கம் இன்னும் போகவில்லை, இந்த இடைவெளியே எனக்குச் சரியாக இருக்கிறது.